எட்டு கிலோ காற்று

சீத்தா கேம்ப்பில் ஆகஸ்ட்.
மூன்று நாளாய் எந்தத் துணியும் காயவில்லை.
இந்தக் காற்றைத்தான் உறிஞ்சி உறிஞ்சி
கட்டிலுக்கடியில் சேர்த்துவைக்கிறது
என் கம்ப்ரஸர்.

ஹெல்மெட்டுகளில் படம் தீட்டுகிறேன்.
சிறுத்தை, மண்டையோடு, யாரோ ஒருத்தியின் பெயர்.
ஒன்றுக்கு முந்நூற்றைம்பது.
பேனா பருமனில் ஒரு துப்பாக்கி,
மயிரிழையாய் இறங்கும் நிறம்,
அதற்குப் பின்னால் எட்டு கிலோ அழுத்தத்தில்
ஒரு நீலத் தொட்டி.

புது நீலம்.
குர்லாவில் வாங்கும்போது அதைத்தான் பார்த்தேன்.
செய்த வருடம் பொறித்த தகட்டின் மேலும்
அதே நீலத்தை அப்பியிருந்தார்கள்.
பெயின்ட் அடிப்பவள் நான்.
எனக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்க மறந்த ஓர் இரவில்
இரண்டு மணிக்குத்
தானாக எழுந்து தடதடத்தது.
துப்பாக்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.
யாரும் காற்றைக் கேட்கவில்லை.
ஆனாலும் அது எங்கோ போய்க்கொண்டிருந்தது.

சோப்பு நுரை தடவித் தேடினேன்.
குழாயில் இல்லை. மூட்டுகளில் இல்லை.
தரையில் கன்னம் வைத்துப் படுத்தால் மட்டும் தெரிகிற
அடிவயிற்றில்
ஒரு குமிழ்
பெரிதாகி உடைந்து
மறுபடி பெரிதாகிக்கொண்டிருந்தது.

கீழே ஒரு திருகு இருக்கும்,
வேலை முடிந்ததும் தினமும் திறந்து
தண்ணீரை வடிக்க வேண்டும் என்று
ஞானசிகாமணி வந்து சொன்னபோது
வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.
காற்றை முழுக்க இறக்கிவிட்டுத் திறந்தோம்.
ஒன்றும் வரவில்லை.
கம்பியால் குத்தியதும்
கடுங்காப்பி நிறத்தில் அரை வாளி,
பிறகு சேறு,
பிறகு செதில் செதிலாய்.

ஒரு செதிலை எடுத்து விரலில் நசுக்கினார்.
"இது அழுக்கில்ல ஜெசிந்தா.
தொட்டியோட சுவர்."

பாதுகாப்பு வால்வு நன்றாயிருக்கிறதே என்றேன்.
வாரம் ஒருமுறை வளையத்தை இழுத்துப் பார்ப்பேன்,
பூனை மாதிரி சீறும்.
"அதுக்கு அழுத்தம் ஏறுறது தெரியும்.
தகடு மெலியுறது தெரியாது."

வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால்?

"ஓட்டைய அடைக்கலாம்.
பக்கத்துல இருக்குறதெல்லாம்
இன்னும் ஓட்டையாகாத ஓட்டை.
சோதிக்கிறவனே தண்ணிய நெறச்சுத்தான் சோதிப்பான்.
தண்ணி கிழிச்சா ஒழுகும்.
காத்து கிழிச்சா..."
மீதியைச் சொல்லாமல் சுவரைப் பார்த்தார்.

ஒற்றைச் செங்கல் சுவர்.
அந்தப் பக்கம் கோப்கர் வீட்டுத் தொட்டில்.
ஓவிக்கு ஏழு மாதம்.
கம்ப்ரஸர் ஓடினால் தூங்குவாள்,
நின்றால் அழுவாள்.
பிறந்ததிலிருந்து அவள் கேட்டது இதைத்தான்.
இரண்டு வருடமாய்
அந்தக் குழந்தையின் தலையிலிருந்து ஒன்றரை முழத்தில்
எதை ஊதி ஊதி வைத்திருந்தேன்?
இல்லை, ஏழு மாதமாய்.
பயத்தில் கணக்கு வரவில்லை.

பழைய இரும்புக் கடை அஷ்ஃபாக்
ஓடுகிற மெஷின் என்றால் மூவாயிரத்து அறுநூறு என்றார்.
"ஒரு கோட் பெயின்ட் அடித்தால் போய்விடும்."
எந்தக் கலர் என்று கேட்க வாய் வரை வந்தது.

வீட்டுக்குத் திரும்பி
டிரில் மெஷினை இரவல் வாங்கினேன்.
முதல் துளைக்கு அழுத்தவே வேண்டியிருக்கவில்லை,
பிஸ்கட் டப்பாவில் இறங்குவதுபோல் இறங்கியது.
இரண்டாவது. மூன்றாவது.
நீலம் சுருள் சுருளாய்த் தரையில் விழுந்தது.

"பாகல் ஹோ க்யா?
இனி எடைக்குத்தான் எடுப்பேன்."
எடைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
எட்டு ஹெல்மெட் நட்டம்.
தராசில் வைத்தபோது
துளைகளிலிருந்து இன்னும் கொஞ்சம் காப்பி
அவர் செருப்பில் சொட்டியது.

அன்றிரவு ஓவி தூங்கவில்லை.
பழைய டேபிள் ஃபேனை
எங்கள் பக்கச் சுவரோடு ஒட்டிவைத்து
முழு வேகத்தில் ஓடவிட்டேன்.
ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்டாள்.
பிறகு,
இது அது இல்லை என்று தெரிந்து,
இன்னும் சத்தமாக
ஆரம்பித்தாள்.